நாலரை இஞ்ச் சுவருக்கு வெப்பக்காப்பு: ஐந்து குளிர்காலங்களுக்குப் பிறகு

எங்கள் வீட்டுச் சுவரில் கோளாறு இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தது அரிசி மூட்டைதான். லண்டனின் வடமேற்கே ஹாரோவில் 2018இல் இந்த வீட்டை வாங்கினோம். 1930களில் கட்டிய வீடு. சமையலறைக்குப் பின்னால் உள்ள யூட்டிலிட்டி அறை மட்டும் பிற்காலத்தில் யாரோ ஒட்டிக் கட்டியது. சலவை இயந்திரம், ஃப்ரீசர், இருபது கிலோ பொன்னி மூட்டை எல்லாம் அங்கேதான். அந்த டிசம்பரில் மூட்டையை நகர்த்தினால், சுவரை ஒட்டியிருந்த பக்கம் முழுக்கக் கரும்புள்ளிகள். உள்ளே ஒரு படி அரிசி கட்டிதட்டிப் போயிருந்தது.

கதவு நிலையருகே டேப் வைத்து அளந்தேன். பூச்சையும் சேர்த்து 115 மில்லிமீட்டர். ஊரில் அறைத் தடுப்புக்குக் கொத்தனார்கள் எழுப்பும் நாலரை இஞ்ச் சுவரை இங்கே வெளிச்சுவராக நிறுத்தியிருக்கிறார்கள்! சுவர் வழியே வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதைச் சொல்லும் அளவு யு-மதிப்பு; குறையக் குறைய நல்லது. இப்படிப்பட்ட சுவரின் யு-மதிப்பு மூன்றுக்கு மேல். இங்கிலாந்தில் பழைய சுவரைப் புதுப்பிக்கும்போது எட்டவேண்டிய அளவு 0.30. வெப்பம் பத்து மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது என்று பொருள்.

சுவருக்குக் காப்புப் போடும் முதல் முயற்சி படுதோல்வி. வேலைக்கு வந்தவர், பாலிஸ்டைரீன் (தெர்மாகோல்) ஒட்டிய பிளாஸ்டர்போர்டை, அதாவது ஜிப்சம் பலகையை, பசைச்சாந்து உருண்டைகளால் நேரடியாகச் செங்கல்மேல் ஒட்டி, ஒரே நாளில் முடித்துவிட்டார். எனக்கும் மகிழ்ச்சிதான். அடுத்த குளிர்காலத்தில் புதுச் சுண்ணத்தின்மேல் வட்ட வட்டமாக, ஊத்தப்பம் அளவில் ஈரக்கறைகள் தோன்றின. எங்கெங்கே பசை உருண்டை இருந்ததோ அங்கெல்லாம் ஒரு வட்டம். வெளியே நனைந்த செங்கல்லிலிருந்து ஈரம் பசை வழியாகவே உள்ளே வந்திருக்கிறது. உருண்டைகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தில், துணி உலர்த்திய நீராவி புகுந்து, குளிர்ந்த செங்கல்லில் பட்டு நீராகியிருக்கிறது. பலகையைப் பெயர்த்தபோது வந்த வாடையை இன்னும் மறக்கவில்லை. பாலிஸ்டைரீனைத் தொட்டுக்கொண்டிருந்த மின்கம்பியின் பி.வி.சி. உறை வேறு விறைத்துப் போயிருந்தது. இரண்டும் ஒட்டியிருக்கக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார். தச்சு வேலை செய்பவர். வந்து பார்த்துவிட்டு, “சட்டை போடும் முன் தலையைத் துவட்ட வேண்டாமா, தம்பி?” என்றார். அதன்பிறகு ஐந்து மாதம் உட்புறத்தைத் தொடவே இல்லை. வெளியே போய்ப் பார்த்தால், பூச்செடிக்காகக் குவித்த மண், தரை ஈரம் மேலேறாமல் இருக்கச் சுவரின் அடியில் பதிக்கும் ஈரத்தடுப்புப் படலத்துக்கு மேலேயே ஏறி நின்றது. படலத்துக்குக் கீழே 150 மில்லிமீட்டராவது சுவர் வெளியே தெரிய வேண்டும். மண்ணை வெட்டி இறக்கினேன். மேலே மழைநீர்த் தூம்பின் ஒரு மூட்டு ஒழுகிக்கொண்டிருந்தது, அதை மாற்றினேன். உதிர்ந்த சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மூட்டுகளைப் புதிதாகப் பூசினேன். என் கணக்கில் பாதி வேலை இத்துடன் முடிந்தது.

2020 கோடையில்தான் உட்புற வேலை. பிளாஸ்டர் மூட்டை தங்கம்போல் ஆகிவிட்ட நேரம் அது. செங்கல்மேல் ஈரம் புகாத பட்டை, அதன்மேல் 25 மில்லிமீட்டர் பதப்படுத்திய மரச்சட்டம், சட்டத்தின்மேல் இடைவெளி விடாமல் 70 மில்லிமீட்டர் பி.ஐ.ஆர். (கெட்டியான காப்பு நுரை) பலகை. ஓரங்களில் நுரை, மூட்டுகளில் அலுமினிய டேப். மூட வேண்டியது நீராவி போகும் வழியை; டேப்பில் கஞ்சத்தனம் காட்டினால் பலகை எவ்வளவு தடித்திருந்தும் பயனில்லை. தீப்பாதுகாப்புக்காக மேலே 12.5 மில்லிமீட்டர் பிளாஸ்டர்போர்டு. காப்புப் பலகைக்குப் பின்னால், சட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மூச்சுவிட, வெளிச்சுவரின் செங்குத்து மூட்டுகள் சிலவற்றில் கீழும் மேலும் காற்றுத்துளை. சுவரின் பாதிப் பரப்புக்கு மேல் புதுப்பிப்பதால் கட்டட ஒழுங்குமுறைப் பிரிவுக்கும் முன்கூட்டியே தெரிவித்தேன். பொருள்களுக்கு ஏறக்குறைய 500 பவுண்டு ஆயிற்று.

பலன்? 2022 டிசம்பரில் ஒரு வாரம் பனி உறைந்து கிடந்தது நினைவிருக்கும். அந்த வாரத்தில் காலையில் இந்த அறையில் 14 டிகிரி. காப்பு இல்லாத முதல் குளிர்காலத்தில், அவ்வளவு கடுங்குளிர் இல்லாத நாளிலேயே 6 டிகிரி பார்த்திருக்கிறேன். இந்த ஐந்து ஆண்டில் கரும்புள்ளி ஒன்றுகூட வரவில்லை. ஆனால் முழுப் புகழும் பலகைக்குச் சேராது. ஈரப்பதம் ஏறினால் தானே ஓடும் காற்றுபோக்கி விசிறி ஒன்றை மனைவியின் பிடிவாதத்தால் மாட்டினோம். அது இல்லாவிட்டால் உலரும் துணிகளின் ஈரம் எங்கே போயிருக்கும்?

குறைகளும் உண்டு. உள்ளே கட்டிய அடுக்கு 110 மில்லிமீட்டர். பழைய செங்கல்லைவிடத் தடிமன். சலவை இயந்திரம் அந்த அளவு முன்னே தள்ளிவந்து, இப்போது கதவு முழுதாகத் திறப்பதில்லை. கனமான அலமாரியை மாட்ட வேண்டுமானால் சட்டம் எங்கே ஓடுகிறது என்று தேட வேண்டும். நான் பலகை மூடும் முன்பே படம் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். தரை பழைய குளிர்ச்சியோடுதான் இருக்கிறது. ஜன்னலின் பக்கச் சுவர்களில் இடமில்லை என்று காப்பை விட்டுவிட்டேன். ஜனவரிக் காலையில் அந்த மூலையில் மட்டும் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது. பழைய துணியால் துடைக்கிறேன். 20 மில்லிமீட்டர் பலகை ஒன்று வாங்கி வைத்து இரண்டு வருடமாகிறது. ஜன்னல் சட்டத்தில் அதற்கு இடம் போதுமா என்று இன்னும் அளந்து பார்க்கவில்லை.