பூச்சுத் தடிமன் அளக்க: காந்தத் தூண்டல் கருவியா, சுழல் மின்னோட்டக் கருவியா?

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், பூச்சுக்கு அடியில் என்ன உலோகம் என்று பாருங்கள். சாதாரண எஃகு என்றால் காந்தத் தூண்டல் கருவி. அலுமினியம், செம்பு, பித்தளை என்றால் சுழல் மின்னோட்டக் கருவி. ஆனால் பூச்சு மின்சாரம் கடத்தக்கூடாது. பெயிண்ட், பவுடர் கோட்டிங், அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் உருவாக்கும் ஆக்சைடு படலம்) எல்லாம் சரி. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, அதற்கும் சுழல் மின்னோட்டக் கருவிதான்.

தலைவலி கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய எஃகில்தான். மேலே பெயிண்ட் அடித்துவிட்டுக் காந்தக் கருவியை வைத்தால், துத்தநாகமும் பெயிண்டும் சேர்ந்த மொத்தத்தையே காட்டும். திரையில் 150 மைக்ரான் வந்தாலும் அதில் 80 துத்தநாகமாக இருந்தால் பெயிண்ட் வெறும் 70தான். இது தெரியாமல் வேலையை ஏற்றுக்கொண்டால் துரு சீக்கிரமே எட்டிப் பார்க்கும். பெயிண்டுக்கு முன்பே துத்தநாகத்தை அளந்து குறித்துக்கொண்டு, பிறகு கழியுங்கள்.

பலவகை உலோகங்களில் வேலை செய்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்த கருவியையே சொல்வேன். எதுவானாலும், அதே உலோகத்தின் பூசாத துண்டில் பூஜ்ஜியம் வைத்து, தடிமன் தெரிந்த பிளாஸ்டிக் தாளால் சரிபாருங்கள். அப்புறம், விளிம்பை ஒட்டி அளக்காதீர்கள். அங்கே அளவு தப்பும்.