ஜனவரியா, ஆகஸ்டா: இரண்டு கரீபியன் மருத்துவக் கல்லூரிகள்

ஒரு கல்லூரி ஜனவரியில் இடம் தருகிறது, இன்னொன்று அதே ஆண்டு ஆகஸ்டில்; எதை எடுப்பது? சீக்கிரம் சேர்ந்தால் சீக்கிரம் டாக்டராகலாம் என்றுதான் பலர் ஜனவரி இடத்தைப் பிடிக்கிறார்கள். அமெரிக்க ரெசிடென்சி (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் செய்யும் பயிற்சி வேலை) இலக்கு என்றால் அந்தக் கணக்கு உதைக்கும். ரெசிடென்சி தொடங்குவது ஜூலையில். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பரில், யாருக்கு எந்த இடம் என்று சொல்லும் மேட்ச் முடிவு மார்ச்சில்.

நான்காண்டுப் படிப்பில் 2027 ஜனவரியில் சேர்பவர் 2030 இறுதியில் முடிப்பார். ஆகஸ்டில் சேர்பவர் 2031 மே, ஜூன் வாக்கில். இருவருக்கும் வேலை 2031 ஜூலையில்தான்!

ஜனவரியின் உண்மையான லாபம் நடுவில் கிடைக்கும் அந்த ஆறு மாதம். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளில் முதலாவதான ஸ்டெப் 1-க்கு 2022 முதல் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி மட்டுமே. அதனால் அடுத்த தேர்வான ஸ்டெப் 2 சிகே மதிப்பெண்ணுக்குக் கனம் கூடிவிட்டது. விண்ணப்பத்துக்கு முன்பே அது கையில் இருப்பது நல்லது. ஆகஸ்டில் சேர்பவர் ஸ்டெப் 1-இல் ஒருமுறை தவறினாலோ, துறை துறையாக மருத்துவமனையில் பயிலும் சுழற்சிக்குக் காத்திருக்க நேர்ந்தாலோ, ஒரு முழு ஆண்டே தள்ளிப்போகலாம். ஜனவரிக்காரருக்கோ, படிப்பு முடிந்தபின் கடனுதவி இல்லாத மாதங்களைச் சமாளிக்கப் பணம் வேண்டும்.

கல்லூரிகள் சமமானவை என்றால் ஜனவரியே மேல். ஆனால் ஆகஸ்ட் கல்லூரிக்கு அங்கீகாரம் தந்த அமைப்பை மட்டுமே உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு ஏற்றிருந்தால், தயங்காமல் காத்திருங்கள். முன்பணம் கட்டுமுன், சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.