பழைய லேண்ட் ரோவர் சீரீஸ் 3 டீசல்: மலையகத்துக் கல் ரோட்டில் நீண்டகாலப் பாவனை

இந்த வண்டியை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "மலை ஏறுமா?" என்றுதான். ஏறும். ஆனால் இலங்கை மலையகத்தில் ஒரு பழைய ஃபோர் வீல் வண்டியை இறக்கத்தில்தான் எடைபோட வேண்டும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை வழியாகக் கோர்பட்ஸ் கேப் ஏறி, மறுபக்கம் மீமுரேக்கு இறங்கும் ரோட்டும், ஒஹியவிலிருந்து உடவேரியத் தோட்டத்துக்குள்ளால் களுபஹனவுக்கு விழும் 'டெவில்ஸ் ஸ்டேர்கேஸ்' பாதையும் வண்டியின் பிரேக், கியர் பெட்டி, ஓட்டுபவரின் பொறுமை மூன்றையும் ஒன்றாகச் சோதிக்கும். அப்படிப்பட்ட பாதைகளுக்கு வண்டியை எப்படி வைத்திருப்பது, எது எதனால் போகும் என்பதுதான் இங்கே.

சீரீஸ் 3 உற்பத்தியானது 1971 முதல் 1985 வரை. டீசல் இஞ்சின் 2286 சிசி, நாலு சிலிண்டர், ஏறத்தாழ 62 குதிரைவலு. டர்போ கிடையாது. 2000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பட்டிப்பொல பக்கம் ஏறும்போது கறுப்புப் புகை தள்ளுவதும், தார் ரோட்டு ஏற்றத்தில் பின்னால் பஸ்கள் வரிசைகட்டுவதும் அதனால்தான். புகையைப் பார்த்துவிட்டு டீசல் பம்பைத் திருக வேண்டாம். வால்வுகளின் டெப்பட் இடைவெளி 0.25 மில்லிமீற்றரில் இருக்கிறதா, எயார் கிளீனரின் ஒயில் கிண்ணத்தில் சேறு கட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வண்டியின் உயிர் சின்னக் கியரில் இருக்கிறது. முதல் கியர் 3.68, ஹை, லோ மாற்றும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் லோ 2.35, அச்சின் நடுவே இழுவையை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பகிரும் டிஃப் 4.7. மூன்றையும் பெருக்கினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இஞ்சின் 40 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஐட்லிங்கில் விட்டால் மணிக்கு 2 கிலோமீற்றர் அளவில் ஊரும். கொழுந்துக் கூடையோடு நடப்பவர்கள் வண்டியை முந்திப் போவார்கள். கல் ரோட்டு இறக்கத்துக்கு அதுதான் சரியான வேகம். 23க்கு 1 என்ற கம்பிரஷன் உள்ள டீசல் இஞ்சின் அந்தக் கியரில் வண்டியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

லீவர்களைச் சரியாகப் பழகாமல் காட்டுப் பாதையில் இறங்கக் கூடாது. மஞ்சள் குமிழை அழுத்தினால் ஹை ஃபோர் வீல், ஓடிக்கொண்டிருக்கும்போதும் போடலாம். சிவப்புக் குமிழ் லீவரைப் பின்னால் இழுத்தால் லோ. ஃபோர் வீல் தானாக விழும். ஹையிலிருந்து லோவுக்கு மாற்ற வண்டி முழுதாக நிற்க வேண்டும். மறுபடி இரண்டு சக்கர ஓட்டத்துக்கு வர, நிறுத்தி, கிளட்சை மிதித்து, சிவப்பு லீவரைக் கடைசிவரை பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். மஞ்சள் குமிழ் மேலே எழும்பும். எழும்பவில்லையானால் பெட்டிக்குள் முறுக்கு இறுகியிருக்கிறது. சில மீற்றர் பின்னால் எடுத்தால் விடும்.

அந்த முறுக்கு ஏன் வருகிறது? முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃப் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓடுகின்றன. சரளையில் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். தார் ரோட்டிலும், செங்குத்தான இடங்களுக்குப் போட்டிருக்கும் கொங்கிரீட் பட்டையிலும் அது நடக்காது. ஸ்டீரிங் கல்லாகும், யுனிவர்சல் ஜொயின்ட்டும் ஷாஃப்ட்டும் அடிவாங்கும். கொங்கிரீட் துண்டு முடிந்து கல் தொடங்கும் இடத்தில் ஃபோர் வீலைப் போடுவதே நல்ல பழக்கம். கொங்கிரீட்டே இறக்கமாகவும் ஈரமாகவும் இருந்தால் லோவிலேயே நேராக இறங்கி, முடிந்ததும் கொஞ்சம் சரளையில் ஓட்டி முறுக்கைக் கழிக்கலாம்.

முன் சக்கரத்தில், அதை அச்சு ஷாஃப்ட்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் பூட்டியிருந்தால், ஏற்றம் தொடங்கும் முன்னரே இறங்கி இரண்டையும் 'லொக்'கில் திருப்ப வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும் முன் அச்சு சும்மா சுற்றும். மாதக்கணக்கில் திறந்தே ஓட்டுவதும் கேடு. முன் சக்கரம் திரும்பும் மூட்டான சுவிவல் உருண்டைக்குள் மேல் ஆணிக்கு ஒயில் போவது ஷாஃப்ட் சுற்றித் தெறிப்பதால்தான். மாதம் ஒருமுறையாவது லொக் செய்து சில கிலோமீற்றர் ஓட வேண்டும்.

இறக்கத்துக்கு முன்னர் செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பலரும் செய்வதில்லை. ஆபத்தில்லாத சின்னச் சரிவில் லோ இரண்டாம் கியரில், கையை லீவரில் வைக்காமல், எக்ஸலரேட்டரை மிதித்துச் சட்டென்று விட வேண்டும். லீவர் நியூட்ரலுக்குத் துள்ளினாலோ நகர்ந்தாலோ அந்தப் பெட்டியோடு கோர்பட்ஸ் கேப் இறங்கக் கூடாது. செலக்டர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது சிங்க்ரோ ஹப் தேய்ந்திருக்கும். ஏற்றத்தில் இந்தக் கோளாறு தெரியாது. இஞ்சின் வண்டியைப் பிடித்திழுக்கும் நேரத்தில்தான் கியர் துள்ளும். துள்ளிய அந்த நொடியில் மிஞ்சுவது கால் பிரேக் மட்டும்.

பாதி ஏற்றத்தில் இஞ்சின் நின்றுவிட்டால் கிளட்சை மிதித்தபடி பின்னால் உருள விடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. அச்சுகளுக்கு இடையே 109 அங்குலம் உள்ள நீண்ட வண்டியின் முன் பிரேக்கில் இரண்டு ஷூவும் முன்னோட்டத்துக்கு இறுகும்படி அமைந்தவை. பின்னால் உருளும்போது அவற்றின் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல், கிளட்சை மிதித்து லோ ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுதாக விட்டுவிட வேண்டும். இப்போது கியர் வண்டியைப் பிடித்திருக்கிறது. பிரேக்கை மெல்லத் தளர்த்தி, கிளட்சைத் தொடாமலே ஸ்டார்ட்டரை அடித்தால் இஞ்சின் பற்றி, அதே ஊர்ந்த வேகத்தில் வண்டி பின்னால் இறங்கும். ஸ்டீரிங்கை நேராக வைத்திருந்தால் போதும்.

ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறம், புரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஒரு தனி டிரம். ஓடும்போது இழுத்தால் ஷாஃப்ட்டையும் டிஃபையும் முறித்துவிடும். அதைவிட முக்கியமானது: ஒரு பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கினால் டிஃப் அந்தச் சக்கரத்தைச் சுற்ற விடும், ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளும். மலையில் சக்கரம் கழற்றும்போது பள்ளப் பக்கத்தில் இரண்டு கட்டை கொடுத்து, ஃபோர் வீல் லோவில் போட்டு, கியரிலும் வைக்க வேண்டும். ஃபோர் வீலில் இருந்தால் அந்த டிரம் முன் அச்சையும் சேர்த்துப் பிடிக்கும். சிவப்பு லீவர் நடுவில் நின்றால் அது நியூட்ரல். கியரில் நிறுத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், இஞ்சின் பிடியே இருக்காது.

கால் பிரேக்கைக் கெடுப்பது பெரும்பாலும் ஒயில். பின் அச்சின் மேலே காற்று போய்வர ஒரு சின்ன பிரீதர் உண்டு. சேறு அதை அடைத்துவிட்டால், அச்சு சூடாகும்போது அழுத்தம் ஏறி, ஒயில் ஹப் சீலைத் தாண்டிப் பிரேக் லைனருக்கு வரும். லைனர் ஒயிலைக் குடித்துவிட்டால் பெற்றோலில் கழுவியும், தீயில் காட்டியும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வருமுன் காப்பது மலிவு: பிரீதரைக் கழற்றி ஒரு நிப்பிள் பூட்டி, ஒயிலைத் தாங்கும் குழாயைச் சேஸியின் மேல் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடலாம். சக்கரத்தின் உள்பக்க டயர் சுவரில் கறுப்பு ஈரம் தெரிந்தால் அன்றே டிரம்மைக் கழற்ற வேண்டும். ஷூ அட்ஜஸ்டரைச் சக்கரம் இறுகும்வரை திருப்பி, தடையின்றிச் சுற்றுமளவுக்கு மட்டும் திரும்ப விட வேண்டும். பெடல் இரண்டாம் மிதியில்தான் பிடிக்கிறதென்றால் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது. பிரேக் ஒயில் டொட் 4, வருடம் ஒருமுறை முழுதாக மாற்றம். மலைப் பனியில் அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும், நீண்ட இறக்கத்தில் அந்தத் தண்ணீர் கொதித்தால் பெடல் தரைக்குப் போகும்.

88 அங்குலக் குட்டை வண்டியில், டிஃபிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பின் ஹாஃப் ஷாஃப்ட் உடைவது சகஜம். சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்து சட்டென்று கல்லில் பிடிக்கும்போது, டிஃப் பக்கத்துப் பல் முறியும். 109இன் பின்னால் இருக்கும் சாலிஸ்பரி அச்சு மிக உறுதியானது, அங்கே இது அரிது. மாற்ற ஜாக்கே தேவையில்லை, சக்கரம் ஹப்பிலேயே நிற்கும். கட்டை கொடுத்துவிட்டு ஹப் நடுவில் உள்ள ஆறு போல்ட்டைக் கழற்றி, ஃபிளேஞ்சோடு ஷாஃப்ட்டை வெளியே இழுக்கலாம். முறிந்த துண்டு டிஃபுக்குள் இருந்தால், மறுபக்க ஷாஃப்ட்டையும் உருவி நீளக் கம்பியால் தள்ளிப் பார்க்க வேண்டும். மாற்று ஷாஃப்ட் கையில் இல்லையா? ஃபிளேஞ்சை மட்டும் பூட்டி ஓட்டையை மூடி, முன் ஹப் இரண்டையும் லொக் செய்து, ஃபோர் வீலில் முன் சக்கர இழுவையாலேயே வீடு சேரலாம். அந்த நிலையில் ஹேண்ட் பிரேக்கும் ஃபோர் வீலில் மட்டுமே பிடிக்கும்.

ஓடை கடக்க எல்லை அரை மீற்றர். முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் காத்திருக்க வேண்டும். மேலே மழை பெய்திருந்தால் நிறம் மாறுவதற்குள் மட்டம் ஏறிவிடும். இறங்கும் முன் ஃபிளைவீல் பெட்டியின் அடியில் உள்ள துவாரத்துக்கு வேடிங் பிளக் பூட்ட வேண்டும், வந்த பிறகு கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் பின் சீலிலிருந்து கசியும் ஒயில் அங்கே தேங்கிக் கிளட்ச் வழுக்கும். ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தினால் ஃபேன் தண்ணீரை வாரி இறைக்காது. சூடான அச்சோடு குளிர்ந்த ஓடைக்குள் பாயாமல் சில நிமிடம் ஆற விட வேண்டும். இல்லையேல் உள்ளே காற்று சுருங்கிச் சீல் வழியே தண்ணீரை இழுக்கும். கரையேறியதும் இடக்காலால் பிரேக்கை லேசாக மிதித்தபடி நூறு மீற்றர் ஓட்டி டிரம்மை உலர்த்த வேண்டும். மறுநாள் டிஃப் ஒயில் பால் நிறத்தில் இருந்தால் முழுதாக இறக்கி, 88 வண்டிக்கு 1.75 லீற்றர் EP 90 கியர் ஒயில் புதிதாக ஊற்ற வேண்டும். சுவிவல் ஒன்றுக்கு அரை லீற்றர்.

இஞ்சின் பக்கம் தொல்லை குறைவு. டீசலில் தண்ணீரோ காற்றோ கலந்தால் நிற்கும். ஃபில்டரின் அடியிலிருந்து தண்ணீரை வடித்து, மேல் திருகாணியைத் தளர்த்தி, லிஃப்ட் பம்பின் கைநெம்பை நுரை நிற்கும்வரை அடிக்க வேண்டும். பிறகு இன்ஜெக்ஷன் பம்பின் திருகாணி, கடைசியில் இரண்டு இன்ஜெக்டர் நட் தளர்த்தி ஸ்டார்ட்டர். நுவரெலியாவின் ஜனவரிக் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் ஹீட்டர் பிளக். பழைய வயரிங்கில் நாலும் தொடராக இணைந்தவை, ஒன்று எரிந்தால் நாலும் செத்தவை.

டயர் காற்று 88க்கு 25 இறாத்தல். கூரான கல்லில் அதைவிட வெகுவாகக் குறைத்தால் டியூப் நசுங்கி வெட்டுப்படும். ஸ்பிரிங் தட்டு ஒன்று முறிந்தால் அச்சுக்கும் சேஸிக்கும் இடையே மரக்கட்டை செருகிச் சங்கிலியால் கட்டி மெல்ல வரலாம். ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யு போல்ட்டை ஒவ்வொரு நீண்ட கல் ஓட்டத்துக்குப் பிறகும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

உடல் அலுமினியம் என்பதால் வண்டி துருப்பிடிக்காது என்று விற்பவர் சொல்வார். சேஸி இரும்பு. பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், டேங்குக்கு மேலே, முன் காலடித் தட்டு: இந்த இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். நல்ல இரும்பு கணீரென்னும், உக்கியது மந்தமாகக் கேட்கும். புதுப் பெயின்ட்டோ தார் பூச்சோ கண்டால் இன்னும் பலமாகத் தட்ட வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் மறுபடி தொடங்கும்வரை பழைய ஜீப்களின் விலை கண்டபடி ஏறியது; உக்கிய சேஸிக்கும் அந்த விலைதான் சொன்னார்கள்.

பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். மலிவான வீல் சிலிண்டரும் சுவிவல் சீலும் சீக்கிரமே கசியும், அங்கே மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. இந்த வண்டியின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீற்றர் ஸ்பேனர் அவற்றின் மூலையை உருட்டிவிடும். 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்களும், சக்கர நட்டுக்கு 27 மில்லிமீற்றர் சொக்கட்டும் கட்டாயம். கூடவே ஒரு ஹாஃப் ஷாஃப்ட், ஃபேன் பெல்ட், மேல் ரேடியேட்டர் குழாய், டீசல் ஃபில்டர், ஒரு லீற்றர் பிரேக் ஒயில், ஜாக் புதையாமலிருக்க ஓரடிச் சதுரப் பலகை, 20 மீற்றர் கயிறு.

மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவும், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவும் நனைந்திருக்கும். ஒக்டோபர், நவம்பர் பிற்பகல் இடிமழைதான் ரோட்டை அதிகம் அறுக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அந்தப் பிரதேசத்துக்கு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். நக்கிள்ஸ் காட்டுக்குள் நுழைய வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தோட்டத்து ரோட்டுகளுக்குத் தோட்ட ஒபீசில் கேட்டுவிட்டுப் போவது முறை, ரோட்டின் இன்றைய நிலை கொழுந்து லொறி ஓட்டும் அண்ணன்மாருக்குத்தான் தெரியும். ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சக்கரத்தை இறக்கிக் கரையை உடைக்கக் கூடாது; அடுத்த மழையில் தண்ணீர் ரோட்டில் ஏறிவிடும், லயத்து மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியும் அதுதான்.