டிடெக்டரும் போலி, அனுமதிக் கடிதமும் போலி: 2,640 வெள்ளி போச்சு, கெடா, பீடோங் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் கவனம்

2,640 வெள்ளி (ரிங்கிட்). நாங்கள் நாலு பேர் ஆளுக்கு 660 போட்டுச் சேர்த்த காசு. அது போய்விட்டது என்று சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெரிந்தது. இன்று புதன். அஞ்சு நாளாக டிடெக்டர் விற்ற கடைக்காரனைத் துரத்துகிறேன், ஒரு காசு திரும்பவில்லை. பழைய தோட்டத்தில், பழைய லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) மண்ணில் ஏதாவது தேடிப் பார்க்கலாம் என்று மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன், இப்போதைக்குப் பெயர் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். முகநூலில் பக்கம் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் விலை பேசும் ஆன்லைன் கடை. டிடெக்டர், தங்கம் இருக்கும் திசையைக் காட்டும் ஏரியல் கம்பி, இப்படிப்பட்ட சாமான்கள் விற்கிறார்கள்.

எங்களுக்கு எதற்கு டிடெக்டர் என்று கேட்பீர்கள். என் பாட்டி பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. அதில் எந்த இடத்தில் அவர் விழுந்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவரை லாரியில் ஏற்றிய வாரமே பாட்டி ஒரு பித்தளைச் சொம்புக்குள் தன் தண்டையையும், மன்னர் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளிக் காசு கொஞ்சத்தையும் போட்டு, வாயைத் துணியால் கட்டி, ரெண்டாவது லயத்துக்குப் பின்னால் கிணற்றுக்கு வடக்கே புதைத்தார். அப்புறம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய், பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்த லயமே இல்லை. இடித்துவிட்டு மறுநடவு செய்திருந்தார்கள். கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. சாகும்வரை அந்தச் சொம்பைப் பற்றிப் பேசினார்.

இப்போது அந்த நிலத்தில் தாமான் (குடியிருப்பு வீடுகள்) வரப்போகிறது. சிவப்பு ரிப்பன் கட்டிய முளைக்குச்சிகளை வரிசையாக அடித்துவிட்டார்கள். புல்டோசர் இறங்கிவிட்டால் சொம்பாவது காசாவது. அதனால்தான் இந்த அவசரம்.

மற்ற மூணு பேரும் என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். அதில் ஒருவர் இப்போது ஆசிரியர். பள்ளியில் தோட்ட வாழ்க்கைக்கு ஒரு மூலை வைத்திருக்கிறார். பால்வெட்டு உளி, வாளி, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்க) அடித்த தண்டவாளத் துண்டு, சதுரமான ஒரு காசு நாணயம் எல்லாம் அங்கே இருக்கின்றன. இன்னும் ஏதாவது கிடைக்காதா என்று அவருக்கு ஆசை. ஆனால் முதல் நாளே அவர் ஒன்றைக் கறாராகச் சொன்னார்: "மச்சான், அனுமதி இல்லாம ஒரு சங்குல் (மண்வெட்டி) மண்ணுகூட எடுக்கக் கூடாது." நாங்கள் இருப்பது பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில். 2013-இல் அங்கிருந்த பதினோராம் எண் சண்டியை (பழங்காலக் கோயிலை) மேம்பாட்டாளர் இடித்துத் தள்ளிய செய்தி வந்தபோது அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னால் அதில் அர்த்தம் இருக்கும்.

அந்த நல்ல எண்ணத்தைத்தான் கடைக்காரன் பிடித்துக்கொண்டான்.

விலை கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதினேன், அவனே போன் செய்தான். நல்ல தமிழ், நம்ம ஊர்த் தமிழ். நாற்பது நிமிஷம் பேசினான். "எந்தத் தோட்டம்ணே?" என்று கேட்டான். தன் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தான், விடியற்காலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு போவார் என்று சொன்னான். ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின் மேல் படையெடுத்ததைச் சொன்னான். "அந்த மண்ணுல இருக்கீங்கண்ணே, உங்களுக்கு என்னென்ன கிடைக்கப் போகுதோ" என்றான். சோழர் காசு தேடி நாங்கள் போகவில்லை, பாட்டியின் சொம்புக்காகத்தான் என்று சொன்னேன். உடனே குரலை இறக்கி, "அண்ணே, எனக்குக் காசு முக்கியமில்லை. பாட்டி சொம்பு கெடைக்கணும், அதான் முக்கியம்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கையால் சைகை காட்டி "பொறுங்க, விசாரிங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

அனுமதி பற்றிக் கேட்டதற்குச் சிரித்தான். "தோட்ட மேனேஜர் நமக்குத் தெரிஞ்சவர்ணே. மரபுடைமை இலாகாவிலயும் ஆள் இருக்கு. ஒரே கடிதத்துல ரெண்டையும் முடிச்சுடலாம்." டிடெக்டர் 1,980, அனுமதிக் கடிதம் 500, குழிக்குள் விட்டுச் சரியான இடத்தைக் காட்டும் குச்சிக் கருவி 160. மொத்தம் 2,640 வெள்ளி. வங்கிக் கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது. அது கணக்காளர் கணக்கு என்றான். சரி என்று மாற்றிவிட்டேன். பத்தே நிமிஷ வேலை.

வீடியோவும் அனுப்பியிருந்தான். மணலில் காசைப் புதைத்துக் கருவியை வீசிக் காட்டினான், பீப் பீப் என்று கத்தியது. சாமான் கூரியரில் வியாழன் வந்தது. பெட்டி ஜோராக இருந்தது, பேர் போன வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரை, சீல் ஒட்டிய மூடி. "சீலைப் பிரிச்சா வாரண்டி போயிடும்ணே" என்று முன்பே சொல்லி வைத்திருந்தான். வீட்டுக்குள் ஆட்டிப் பார்த்தோம், கத்தியது. வீட்டில் எங்கே பார்த்தாலும் இரும்புதானே, கத்தத்தான் செய்யும் என்று நினைத்தோம். கடிதமும் வந்தது. தோட்டக் கம்பெனியின் தலைப்பு, வட்ட முத்திரை, நீல மையில் கையெழுத்து. ஆசிரியர் நண்பர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ரோட்டி சானாய் பசியாறிவிட்டு, தண்ணீர், சங்குல், வலைப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கேட்டுக்குப் போனோம். ஜாகா (காவலாளி) ஒரு பெரியவர், நம்ம ஆள்தான். கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து ரொம்ப நேரம் படித்தார். அப்புறம் மெதுவாக, "தம்பி, இந்தக் கம்பெனி தோட்டத்த வித்துட்டுப் போயி அஞ்சு வருஷம் ஆச்சே" என்றார்.

எனக்குக் காது அடைத்துப்போனது.

அவர் ஆபீஸுக்குப் போன் செய்தார். உதவி மேனேஜர் மோட்டாரில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கையெழுத்துப் போட்டிருக்கும் பெயரில் இங்கே யாரும் இருந்ததே இல்லை என்றார். "நீங்க உள்ள போயிருந்தா அத்துமீறல்னு நானே ரிப்போர்ட் போட்டிருப்பேன்" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: நிலத்துக்காரர் சம்மதம் வேறு, பழம்பொருள் தேடித் தோண்டுவதற்கான அனுமதி வேறு. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அப்படித் தோண்ட மரபுடைமை ஆணையரின் அனுமதி வேண்டும், தோட்ட மேனேஜர் கடிதத்தால் அது வராது. 22 வருஷம் பிள்ளைகளுக்குச் சட்டத்தை மதிக்கச் சொல்லிக்கொடுத்த எங்கள் ஆசிரியர் நண்பர், போலிக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட் வாசலில் தலை குனிந்து நின்றார். எனக்கு ஆறாதது அதுதான்.

வீட்டுக்கு வந்து கருவியை ஒழுங்காகச் சோதித்தோம். கொல்லையில் வட்டத் தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, அம்மாவின் பித்தளைக் குடத்தை அதன் முன்னால் அசைக்கச் சொன்னேன். சத்தமே இல்லை. தட்டை அப்படியே காற்றில் ஆட்டினேன், கத்தியது. திரையில் 12, 87, 40 என்று எண் தன்பாட்டுக்கு ஓடியது. நல்ல கருவியில் ஒரே பொருளுக்கு மேல் திரும்பத் திரும்ப வீசினால் எண் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்க வேண்டும். லாரி ஓட்டும் நண்பன் பொறுக்க மாட்டாமல் சீலைக் கிழித்துத் தட்டைப் பிளந்தான். உள்ளே செப்புக் கம்பிச் சுருள் இருக்க வேண்டும். அதுதான் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பி, உலோகத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடிப்பது. சுருள் இல்லாமல் டிடெக்டர் கிடையாது. இதில் இருந்தது கனத்துக்கு ஊற்றிய சிமெண்ட் கட்டி ஒன்று. கைப்பிடிப் பெட்டிக்குள் ஒரு பஸ்ஸர், ஒரு பேட்டரி, விரல் நுனி அளவுக்கு ஒரு குழாய். அந்தக் குழாயைக் காதருகே ஆட்டினால் உள்ளே சின்னக் குண்டு உருளுகிற சத்தம் கேட்கிறது. குண்டு உருண்டால் பஸ்ஸர் கத்தும். அவ்வளவுதான் 1,980 வெள்ளிக் கருவி. வீடியோவில் அவன் மணிக்கட்டைச் சொடுக்கிச் சொடுக்கி வீசியது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். சனி மதியம் போன் செய்தேன். "மண்ணு ஈரம்ணே, செம்மண்ணுல இரும்புச்சத்து ஜாஸ்தி, செட்டிங் மாத்தணும்." செம்மண்ணில் கருவி தடுமாறும் என்பது உண்மைதான், அதனால்தான் பொய்யும் பொருத்தமாக இருந்தது. பிளந்து பார்த்த படத்தை அனுப்பினேன். "சீலப் பிரிச்சிட்டீங்களா? வாரண்டி போச்சேண்ணே." ஞாயிறு: "ஆபீஸ் லீவு." திங்கள் காலை: "அக்கவுண்ட்ஸ் ஆளு சாப்பிடப் போயிருக்காங்க." திங்கள் மாலை: காசைத் திருப்ப 150 வெள்ளி சேவைக் கட்டணம் முதலில் கட்ட வேண்டுமாம்! 2,640 வெள்ளியை விழுங்கிவிட்டு இன்னும் 150 கேட்கிறான். கடிதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அது ஏஜெண்டு குடுத்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை." செவ்வாய் காலை என் எண்ணைத் தடை செய்துவிட்டான். மனைவி எண்ணிலிருந்து கூப்பிட்டேன். பாட்டி சொம்பைப் பற்றி உருகின அதே குரல், மலாயில் "சலா நொம்போர்" (தவறான எண்) என்று சொல்லி வைத்துவிட்டது.

வங்கியில் விசாரித்தேன், நீங்களே மனமாரச் செலுத்திய பணம் என்கிறார்கள். மோசடிப் புகார் எண் 997-க்கும் போன் செய்தேன். பணம் போன உடனே, 24 மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் கணக்கைத் தடுக்க வாய்ப்பு அதிகம். நான் பணம் கட்டி இரண்டு வாரம் ஆகிவிட்டது. அந்தக் கணக்கு எண்ணைப் போலீஸின் செமாக் மியூல் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், ஏற்கனவே அதன்மேல் புகார் இருக்கிறது. கட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் 2,640 வெள்ளி என் கையில் இருந்திருக்கும். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. கணக்கு எண்ணைச் செமாக் மியூலில் பார்க்காமல் பணம் போடாதீர்கள். வேறு பெயரில் கணக்கு கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். கருவியை நேரில் போய், உங்கள் கையால், தட்டை அசையாமல் பிடித்து, ஒரு காசை அதன் முன்னால் அசைத்துச் சோதியுங்கள். அனுமதிக் கடிதம் விற்பனைக்கு இல்லை, நிலத்துக்காரரிடமும் மரபுடைமை இலாகாவிலும் நீங்களே போய்க் கேளுங்கள். ஏரியல் கம்பியை மட்டும் யாரும் வாங்காதீர்கள், அது முழுப் பொய்.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போகிறேன். இதே மாதிரி வட்ட முத்திரை, நீல மைக் கையெழுத்துக் கடிதம் வேறு யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எல்லாக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் கேஸ் பலமாகும். உதவி மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு முறையாக எழுதச் சொல்லியிருக்கிறார், நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். முளைக்குச்சிகள் கிணற்றுப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டதாக ஜாகா பெரியவர் இன்று காலை போனில் சொன்னார்.