டாலி விளக்குகளை பிஎம்எஸ்ஸோடு இணைக்க எது ஏற்றது: பேக்நெட், கேஎன்எக்ஸ், மாட்பஸ்

கும்பகோணத்தில் மின்பராமரிப்பை நான் கவனித்துவரும் தனியார் மருத்துவமனையின் புதிய கட்டடத்திற்கு டாலி விளக்குகள்தாம், அதாவது முகவரி வழியாகக் கட்டளை அனுப்பி ஏற்றவும் மங்கச் செய்யவும் கூடிய விளக்குகள்தாம், என்பது முன்பே முடிவாகியிருந்தது. குளிர்நீர் தரும் சில்லர் எந்திரத்தையும் குளிர்காற்றை அனுப்பும் ஏஎச்யுக்களையும் நிர்வகிக்கும் பிஎம்எஸ் என்ற கட்டட மேலாண்மை அமைப்போடு அவற்றை எவ்வழியில் இணைப்பது என்பதே மிஞ்சிய கேள்வி. டாலியிலிருந்து மாட்பஸ்ஸுக்கு மாற்றும் கேட்வே, கேஎன்எக்ஸுக்கு மாற்றும் கேட்வே, பேக்நெட் ஐபிக்கு மாற்றும் கேட்வே என மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. மாட்பஸ், கேஎன்எக்ஸ், பேக்நெட் மூன்றும் கருவிகள் தகவல் பரிமாறும் மொழிகள்; கேட்வே என்பது ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மொழிபெயர்க்கும் பெட்டி. நாங்கள் பேக்நெட்டைத் தேர்ந்தோம். என் சாய்வும் அந்தப் பக்கமே.

எந்த வழியில் போனாலும் டாலியின் அடிப்படை மாறாது. ஐஇசி 62386 தரத்தின்படி ஒரு லூப்பில் (ஒரே டாலி கம்பியில் இணைந்த தொகுப்பில்) 64 டிரைவர் (விளக்குக்கு மின்சாரம் தந்து இயக்கும் கருவி) முகவரிகள், 16 குழுக்கள், 16 சீன்கள் (முன்பே பதிந்துவைத்த வெளிச்ச அமைப்புகள்), 1.5 சதுர மி.மீ. கம்பியில் அதிகபட்ச நீளம் 300 மீட்டர். வேகமும் நொடிக்கு 1200 பிட் மட்டுமே என்பதால், ஒவ்வொரு விளக்கின் நிலையையும் நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டே இருக்கும்படி பிஎம்எஸ்ஸை அமைத்தால், சுவர் சுவிட்சை அழுத்திய பிறகு விளக்கு தயங்கித்தான் எரியும்.

மாட்பஸ் விலையில் மலிவானது. டெல்டாவின் நவீன அரிசி ஆலைகளில் பிஎல்சி என்ற எந்திரக் கட்டுப்பாட்டுக் கணினியோடு பழகிய தொழில்நுட்பர்களுக்கு அது புதிதுமன்று. ஆள் கிடைப்பதே அதன் பெரிய பலம். ஆனால் மாட்பஸ்ஸில் எல்லாமே ரெஜிஸ்டர் எண்கள், அதாவது மதிப்புகள் இருக்கும் இடங்களின் வெறும் எண்கள். எந்த எண் எந்த அறை என்பதற்கு ஒரு அட்டவணையைத் தனியே எழுதிக் காக்க வேண்டும். குழுவை மாற்றினால் அட்டவணையையும் திருத்த வேண்டும். பத்துப் பதினைந்து குழுக்களோடு முடிந்துவிடும் சிறு கட்டடத்திற்கு இதுவே போதும் என்பேன்.

கேஎன்எக்ஸ் கட்டடங்களை நான் அருகிலிருந்து பார்த்தது குறைவு; ஆகவே இந்தப் பத்தியை அந்த அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மையக் கணினி இல்லாமலேயே சுவிட்சும் சென்சாரும் விளக்கும் தமக்குள் பேசிக்கொள்ளும் அமைப்பு அது. விடுதி அறைகளுக்கு மிகவும் பொருந்தும். எங்கள் பிஎம்எஸ் பேக்நெட்டில் இயங்குவதால், கேஎன்எக்ஸைத் தேர்ந்தால் டாலியிலிருந்து கேஎன்எக்ஸ், அங்கிருந்து பேக்நெட் என இரண்டு மொழிபெயர்ப்பு நடக்க வேண்டியிருந்தது. மேலும், எந்த மாற்றத்திற்கும் கேஎன்எக்ஸை அமைக்கும் இடிஎஸ் மென்பொருளும் அந்தக் கட்டடத்தின் புராஜெக்ட் கோப்பும் வேண்டும். அந்தக் கோப்பு பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஒப்பந்ததாரரின் கணினியில்தான் இருக்கிறது.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது ஒரே ஒரு கேள்வி: டிரைவர் ஒன்று எரிந்துபோனால் அதை மாற்றுவது யார்? ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் டிரைவர்கள் போவது இங்கே எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது இருந்ததுபோல் சாலையும் மின்சாரமும் முடங்கினால் வெளியூர்ப் பொறியாளரை நம்பியிருக்க முடியாது. புதிய டிரைவர் முகவரி இல்லாமல் வரும். எல்லோருக்குமான பொதுக் கட்டளைக்குப் பணியும். குழுக் கட்டளைக்குப் பணியாது. லூப்பில் ஒன்று குறைந்து, முகவரியற்ற ஒன்று வந்திருந்தால், நல்ல கேட்வே அந்தப் பழைய முகவரியைத் தானே கொடுத்துவிடும். ஒரே இடியில் இரண்டு போனால் எது எங்கே என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றாக முகவரி தர வேண்டும்.

முகவரி மட்டும் போதாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறும்போது விளக்கு எந்த அளவில் எரிய வேண்டும் என்பது டிரைவருக்குள்தான் பதிந்திருக்கிறது. தொழிற்சாலை மதிப்பு 254, அதாவது முழு வெளிச்சம். அதை 255 என்று மாற்றினால் முன்பிருந்த அளவுக்கே திரும்பும். மாற்றிய டிரைவரில் இந்த மதிப்பையும் கேட்வே திரும்ப எழுதாவிட்டால், நள்ளிரவில் மின்சாரம் மாறும் ஒவ்வொரு முறையும் வார்டில் அந்த ஒரு விளக்கு மட்டும் நோயாளியின் கண்ணில் அடிக்கும்.

இந்த வசதி பேக்நெட்டின் குணமன்று, கேட்வேயின் குணம். கேஎன்எக்ஸ் கேட்வேக்கள் சிலவற்றிலும் உண்டு. ஆயினும் நாங்கள் வாங்கிய பேக்நெட் கேட்வேயில் இதையும், தடுப்புச் சுவரை நகர்த்தும்போது செய்ய வேண்டிய குழு மாற்றத்தையும் பிரவுசரைத் திறந்து எங்கள் எலக்ட்ரீஷியனே செய்துவிடுகிறார். ‘முதல் மாடி, மகப்பேறு வார்டு, தாழ்வாரம்’ என்று அதில் வைத்த பெயர் பிஎம்எஸ் திரையிலும் அப்படியே தெரிகிறது. எண் அட்டவணை தேவைப்படவில்லை.

பேக்நெட்டுக்கும் ஒரு தொல்லை உண்டு. அதன் 16 முன்னுரிமைப் படிகளில் யாராவது திரையிலிருந்து 8ஆம் படியில் கைமுறையாக விளக்கை ஏற்றிவிட்டு, அந்தக் கட்டளையை விடுவிக்க மறந்தால், அதைவிட முன்னுரிமை குறைந்த படியில் இருக்கும் நேர அட்டவணை எத்தனை முறை சொன்னாலும் விளக்கு அணையாது. ஆகவே வாரம் ஒருமுறை விடுவிக்கப்படாத கட்டளைகளைப் பார்ப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம்.

வாங்குவோர் ஆர்டரிலேயே எழுத வேண்டியவை: கேட்வேயின் கடவுச்சொல், அமைப்பின் காப்புப் பிரதி, முகவரிகள் குறித்த தள வரைபடம் ஆகியவற்றை ஒப்படைத்த பின்பே கடைசித் தவணை. உதிரி டிரைவர்களையும் அப்போதே வாங்கிவிடுவது நல்லது. வெண்மையின் நிறச்சாயலை மாற்றும் விளக்குகளுக்கு டிடி8 வகை டிரைவர் வேண்டும். அவசரத்தில் சாதாரண டிடி6 வகையை மாட்டினால் முகவரியை ஏற்கும், மங்கவும் செய்யும், நிறம் மட்டும் மாறாது.