மூழ்கிய மரங்களுக்கு நடுவே கிராங்க்பெய்ட்: லேக் ஃபோர்க்கில் உழைத்தவையும் உழைக்காதவையும்

வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று இரண்டு மும்முனைக் கொக்கிகள் தொங்கும் கிராங்க்பெய்ட் என்ற லூரை, அதாவது செயற்கை இரையைக் கொண்டுபோய், தண்ணீருக்குள் கிடக்கும் மரத்தின் கிளைகளுக்கு நடுவே எறிவதா? பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே இதைக் கேட்பார்கள். தாராளமாக எறியலாம். லூரின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடான உதடு மட்டும் சரியாக அமைந்துவிட்டால் கிராங்க்பெய்ட் நாம் பயப்படுகிற அளவுக்கு மாட்டாது.

நான் எறிவது டெக்சஸில், டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் லேக் ஃபோர்க்கில். 1980-ல் நீர் தேக்கிய ஏரி, 27,000 ஏக்கருக்கு மேல் பரப்பு. தேக்கும்போது நிறைய மரங்களை வெட்டாமலே விட்டுவிட்டார்கள். இன்றும் படகு போகும் வழியெல்லாம் மொட்டை மரங்களும் அடிக்கட்டைகளும்தான். டெக்சஸ் மாநிலத்தின் லார்ஜ்மவுத் பாஸ் சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992-ல் இங்கேதான் கிடைத்தது. அந்தக் கனவில்தான் பாதிப் பேர் வருகிறார்கள், நானும் சேர்த்து.

கடையில் போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது நிறம். அதை விட்டுவிட்டு உதட்டைப் பாருங்கள். மரத்துக்கு சதுர உதடுதான், அதாவது ஸ்கொயர்பில். லைனை, அதாவது தூண்டில் நரம்பைச் சுருட்டும்போது லூர் தலையைக் கீழே சாய்த்து, வாலைத் தூக்கிக்கொண்டு வரும். அப்போது கொக்கிகள் உதட்டுக்கும் உடலுக்கும் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. உதட்டின் மூலை கிளையில் இடித்ததும் லூர் ஒரு பக்கமாகப் புரண்டு, கிளையைத் தாண்டி விலகி ஓடும். வட்ட உதடு இப்படித் திமிறாமல் வழுக்கிக்கொண்டு ஏறும். அந்த நேரத்தில் வயிற்றுக் கொக்கி கிளையைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

மீன் கடிப்பதும் பெரும்பாலும் அந்த இடியை ஒட்டித்தான். நேராக நீந்தி வரும் லூரைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பாஸ், அது கட்டையில் மோதி நிலைகுலைந்த மறுநொடியில் பாய்கிறது. அதனால் மரத்தின் உச்சி மூன்றடியில் இருந்தால் அதைவிடக் கொஞ்சம் ஆழம் போகிற லூரையே கட்டுகிறேன். ஒன்றிலும் படாமல் சுத்தமாக வந்து சேர்கிற லூரை இங்கே எறிவதில் பிரயோசனமில்லை.

இனி ஒவ்வொன்றாக. என் பெட்டியில் அதிகம் தேய்ந்தது ஸ்ட்ரைக் கிங் கம்பெனியின் சதுர உதட்டு லூரான கேவிடி 1.5. பிளாஸ்டிக் உடல், மூன்று முதல் ஆறடி வரை போகும். நான் வைத்திருப்பது உள்ளே குண்டு குலுங்காத, சத்தமில்லாத வகை. பெயின்ட் உரிந்து, உதட்டின் மூலைகள் மழுங்கிப்போன பிறகும் ஓட்டம் மாறவில்லை. லக்கி கிராஃப்ட் ஆர்சி 1.5 இதைவிட விலை கூடுதல். பெயின்ட் வேலை கண்ணுக்கு அழகுதான், ஆனால் மரத்தில் தொலைத்தால் வயிறு எரியும். மீனுக்கு அந்த விலை வித்தியாசம் தெரிந்ததாக நான் பார்த்ததில்லை.

ரபாலா டிடி6 வட்ட உதடுதான், ஆனாலும் பெட்டியிலிருந்து நீக்கவில்லை. காரணம் அது லேசான பால்சா மரத்தில் செய்தது. இடித்ததும் சுருட்டுவதை நிறுத்தினால் தானாகப் பின்வாங்கி மேலே மிதந்துவிடுகிறது. தனித்தனி அடிக்கட்டைகளுக்கு இது போதும், அடர்ந்த கிளைகளுக்குள் வேண்டாம். கையால் செதுக்கிய பால்சா லூர் ஒன்றும் வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். முதல் சீசன் முடிவதற்குள் உதடு ஆடத் தொடங்கி, உடலுக்குள் தண்ணீர் ஏறி, மிதக்கவே மறந்துபோனது. இத்தனைக்கும் சதுர உதட்டு வகையின் மூதாதை கையால் செதுக்கியதுதான். 1960-களின் பிற்பகுதியில் டென்னசியில் ஃப்ரெட் யங் பால்சாவில் செதுக்கிய பிக் ஓ அது.

லூர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எந்தப் பக்கத்திலிருந்து இழுக்கிறோம் என்பது முக்கியம். கரையில் வேர், ஏரிக்குள் தலை என்று சாய்ந்த மரத்தின் கிளைகள் நுனியை நோக்கி விரிந்திருக்கும். படகை நுனிப் பக்கம் ஆழத்தில் நிறுத்தி, வேர்ப் பக்கம் எறிந்து, கிளை வளர்ந்த போக்கிலேயே சுருட்டினால் லூர் ஒவ்வொரு கிளையாக ஏறி இறங்கி வந்துவிடும். எதிர்த்திசையில் இழுத்தால் கவைக்குள் போய் ஆப்பு வைத்ததுபோல் இறுகும்.

இறுகிவிட்டால்? "அண்ணே, இழுக்காதீங்க, லைனை விடுங்க" என்பார் என்னோடு படகில் வரும் தம்பி. அவர் சொல்வது சரி. தளர்த்திவிட்டால் பாதி நேரம் தானே மிதந்து கழன்றுவிடும். வராவிட்டால் லைனை விரலால் இழுத்துச் சட்டென்று விடுவது, அதற்கும் மசியாவிட்டால் லைன் வழியாக எடையை இறக்கித் தட்டுவது. வயிற்றுக் கொக்கியில் முன்னோக்கி நீட்டும் ஒரு முனையை வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. மாட்டுவது நன்றாகவே குறைகிறது.

லைன் 17 பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன். பின்னிய நூலான பிரெய்டு மரத்துக்குள் அறுத்துக்கொண்டு இறங்கிவிடும் என்பதால் இங்கே தொடுவதில்லை. கட்டையில் உரசி உரசி லூருக்கு மேலே ஓரடி சொரசொரப்பாகிவிடும். விரலால் தடவிப் பார்த்து, வெட்டி மறுபடி கட்ட வேண்டும். ராடு, அதாவது தூண்டில் கம்பு, கொஞ்சம் வளைந்து கொடுப்பதாக இருக்கட்டும், விறைப்பான ராடில் மீன் வாயிலிருந்து கொக்கி பிய்ந்து வந்துவிடுகிறது. கட்டையில் பலமுறை இடித்த லூர் ஒரு பக்கமாக ஓட ஆரம்பிக்கும். மூக்கு நம்மைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, லைன் கட்டும் கண்ணியைக் குறட்டால் எதிர்ப்பக்கம் மயிரிழை வளைத்தால் சரியாகிவிடும்.

நிறமா? கலங்கல் தண்ணீரில் கரும்பச்சை முதுகோடு பளிச்சென்ற மஞ்சள்பச்சை, பிப்ரவரி, மார்ச்சில் சிவப்பு நண்டு நிறம், இலையுதிர் காலத்தில் வெள்ளி. இதற்கு மேல் யோசிப்பதில்லை.

லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, விட்டுவிட வேண்டும். பிடிக்கிற நல்ல மீன்களில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள்தான் வரும். ஆறு முனைகளைச் சீக்கிரம் கழற்ற நீண்ட மூக்குக் குறடு இல்லாமல் படகு ஏறாதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் கேவிடி 1.5-ல் மேலே சொன்ன மஞ்சள்பச்சையும் சிவப்பும் வாங்கினால் போதும். மிச்சக் காசுக்கு மாற்றுக் கொக்கிகளும், லூரைத் தட்டி மீட்கும் எடை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.