நாள்பட்ட முதுகுவலிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்: மூன்றாவது வருடத்தில் என் அனுபவம்

எனக்கும் என் நண்பருக்கும் ஒரே இடத்தில்தான் டிஸ்க் ஆபரேஷன் நடந்தது, கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே. இருவருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகும் வலி விடவில்லை. வருடக்கணக்கில் டிரமடால் என்ற வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் போனில் கேட்டார்: "நீங்க தினமும் தேய்க்கிறீங்களே அந்த ஜெல்லு, வலிக்கு நிஜமாவே கேக்குதா? நானும் டாக்டர்கிட்ட சொல்லிப் பார்க்கட்டுமா?"

ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அவரை மாதிரி இன்னும் பல பேர் இருப்பீர்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில், இது வலிநிவாரணி இல்லை. எந்த டாக்டரும் முதுகுவலி என்று போய் நின்றவுடன் இதை எழுதித் தர மாட்டார், தரவும் கூடாது. டிரமடால், டாபென்டடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிடுகிற ஆண்களில் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கிவிடுகிறது. அந்த மாத்திரைகள் மூளையில் ஹைப்போதாலமஸ் விடும் சமிக்ஞையை அடக்குகின்றன. அது அடங்கினால் பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச் ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும், எல்ஹெச் குறைந்தால் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதும் குறையும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்த உடம்புக்கு வலியைத் தாங்கும் சக்தியும் குறையலாம். வலிக்காகத் தின்ற மாத்திரையே வலியைக் கூர்மையாக்கும் நிலைமை இது. அதற்காக டோஸை ஏற்றினால் இன்னும் கீழே இறங்கும்.

எனக்கு இதைக் கண்டுபிடித்தது பெயின் கிளினிக் டாக்டர். மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது, மத்தியானமே படுக்கத் தோன்றுகிறது, எதிலும் பிடிப்பு இல்லை என்று நான் சொன்னதை எல்லாரும் வலியின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில். காலையில்தான் இந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்கும் என்பதால் சாயங்காலம் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. டெசிலிட்டர் ரத்தத்துக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். எனக்கு இரண்டு முறையும் 180-ஐத் தாண்டவில்லை. எல்ஹெச்சும் தாழ்ந்தே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஹார்மோன் டாக்டரான எண்டோகிரைனாலஜிஸ்ட், "ஃபேக்டரி நல்லாத்தான் இருக்கு, மேலிருந்து ஆர்டர்தான் வரலை" என்றார்.

சிகிச்சை தொடங்குமுன் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னொரு குழந்தை வேணுமா?" வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். எங்களுக்கு ஒரு மகள் போதும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. அடுத்து பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு), தூக்கத்தில் குறட்டை, இதயம், காலில் ரத்தக்கட்டி வந்ததுண்டா என்று வரிசையாகப் பார்த்தார். புராஸ்டேட் புற்றுநோய் இருந்தால் இந்தப் பக்கமே வரக் கூடாது.

ஆரம்பத்தில் எனக்குக் கொடுத்தது எனந்தேட் என்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மூன்று வாரத்துக்கு ஒன்று. விலை குறைவு. ஆனால் முதல் வாரம் ராஜா, மூன்றாவது வாரம் பழைய நோயாளி என்றாகிவிட்டது. அளவு உச்சிக்கு ஏறிச் சரிவதை என் முதுகு அப்படியே சொல்லும். வீட்டில் எரிந்து விழுவதும் அந்த மூன்றாவது வாரத்தில்தான். அப்புறம்தான் ஜெல்லுக்கு மாறினோம்: 1 சதவீதம், 5 கிராம் சாஷே, அதாவது தினமும் 50 மில்லிகிராம். தோல் வழியாக இறங்குவது அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே சீராக இறங்கும்.

இரண்டு மாதம் வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு விஷயம் நடந்தது. அதற்காகவே இந்த மருந்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பெல்ட் போட முடிந்தது.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆபரேஷன் ஆன இடத்தைச் சுற்றி ஒரு கையகல அளவுக்கு எனக்குத் தோலே பகையாகியிருந்தது. பேண்ட் இடுப்புப் பட்டி உரசினால் எரியும், பனியன் தையல் பட்டால் சுருக்கென்று இழுக்கும். டவுன் பஸ்ஸில் சீட்டின் பின் கம்பி முதுகைத் தொட்டால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடத் தோன்றும். இரண்டு அளவு பெரிய பேண்ட்டை நாடா வைத்துக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். தூக்கத்தில் மனைவியின் கை முதுகில் பட்டால் கத்திவிடுவேன். அதனால் அவள் நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு படுத்தாள். ஒருநாள் காலை அவசரத்தில், யோசிக்காமலேயே, பழைய பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆபீஸில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் இடுப்பில் அது இருப்பதே நினைவுக்கு வந்தது.

உள்ளே ஆழத்தில் இருக்கும் வலி போகவில்லை. டாக்டர் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் முன்பு ஆறு சொன்னேன், இப்போதும் ஆறு, மழை நாளில் ஏழு. தொட்டால் எரியும் அந்த மேல்வலி மட்டும்தான் குறைந்தது. 2015-இல் 'பெயின்' என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. ஓபியாய்டால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 84 ஆண்களில் ஒரு பிரிவுக்கு 14 வாரம் நிஜ ஜெல், இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் ஜெல். அழுத்தினால், குத்தினால் அளவுக்கு மீறி வலிப்பது நிஜ ஜெல் போட்டவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் 'உங்கள் வலி எப்படி?' என்று கேட்டதற்கு இரு பிரிவும் சொன்ன பதில்களில் வித்தியாசம் இல்லை. பாதி பேர் இதைப் படித்துவிட்டுப் பயனில்லை என்பார்கள். என்னைக் கேட்டால் அந்த முதல் பாதி சின்ன விஷயமே இல்லை. தலையணை நடுவிலிருந்து போனது அதனால்தான்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் என் டிரமடால் 200 மில்லிகிராமிலிருந்து 100-க்கு இறங்கியது, நடைப்பயிற்சியும் ஃபிசியோதெரபியும் ஒழுங்காக நடந்தன. எதனால் எவ்வளவு நல்லது நடந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் முன்பு ஃபிசியோதெரபிஸ்ட் சொன்னதைச் செய்யவே உடம்பில் வலு இல்லாமல் இருந்தது என்பது மட்டும் உண்மை.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

காலையில் குளித்து, துவட்டி, தோல் முழுதாகக் காய்ந்த பிறகு சாஷேயைக் கிழித்து உள்ளங்கையில் பிதுக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறும். தோளிலும் மேற்கையிலும் தடவினால் சில்லென்று இருக்கும், பிறகு பசை மாதிரி இழுக்கும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் வெள்ளைத் துணுக்குகளாகத் திரளும். காயும் வரை சட்டை போடக் கூடாது. காய்ந்த பிறகு போட்டே ஆக வேண்டும், சித்திரை வெயிலிலும், கரண்ட் போன ராத்திரியிலும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஐந்து மணி நேரம் அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் சீயக்காய் தேய்த்து எடுத்த பிறகுதான் ஜெல். இதெல்லாம்கூடப் பழகிவிட்டது.

பழகாதது என் மகள் விஷயம். மூன்றரை வயது. இந்த ஜெல் தோலோடு தோல் பட்டால் அடுத்தவர் உடம்புக்கும் ஏறும். அப்பாவின் தோளில் இருந்து ஏறிய மருந்தால் சின்னக் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பு வளர்ச்சியும் முடி வளர்ச்சியும் வயதுக்கு முன்பே தொடங்கி, எலும்பு வயதும் முந்திப்போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்காகவே பெட்டியிட்ட எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. கர்ப்பிணிகளும் ஜெல் பட்ட தோலைத் தொடக் கூடாது. இதைப் படித்த பிறகு காலையில் என்னால் நிம்மதியாக இருக்க முடிந்ததே இல்லை.

நான் கதவைச் சாத்திக்கொண்டு ஜெல் தேய்க்கும்போது அவள் வெளியே நின்று தட்டுவாள். "அப்பா, உப்பு மூட்டை!" தோளில் ஏறி உட்கார வேண்டும் அவளுக்கு. முன்பு முடியாது என்று சொன்னபோது வலி என்ற காரணம் இருந்தது, அவளும் அழுதுவிட்டு விட்டுவிடுவாள். இப்போது தூக்க முடிகிறது. முதுகு தாங்குகிறது, கை வலுவாக இருக்கிறது, அவள் தொட்டால் எரிவதில்லை. ஆனால் அவள் உட்கார வேண்டிய அதே தோளில்தான் மருந்து இருக்கிறது. சட்டைக்கு மேலே தூக்கினாலும், வியர்வையில் ஊறிய காலருக்குள் கையை விட்டுக் கழுத்தைக் கட்டிக்கொள்வாளே என்று பயம். ராத்திரி மறுபடி சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் படுக்கிறேன். குளிக்கு முன் அவள் தூங்கிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

தொட்டால் தாங்காத உடம்பைத் தாங்க வைத்துவிட்டு, தொடாதே என்று சொல்கிறது இந்த ஜெல். சாஷேயின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று எந்த டாக்டரும் எனக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. முதுகு வலித்தாலும் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதுகில் பரு வந்தது, போனது. ஹீமடோகிரிட் 45-லிருந்து 53-க்கு ஏறியதும் டாக்டர் அளவைக் குறைத்தார். 54-ஐத் தாண்டினால் நிறுத்திவிடுவார்கள், ரத்தம் கெட்டியாகிக் கட்டி உண்டாகும் பயம். 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், இதய ஆபத்து உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்று தெரிந்தது ஆறுதல். ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டியும் ஜெல் பிரிவில் கூடுதலாக இருந்தன. அதனால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், இல்லை என்றால் ஜிம்மா என்று கேட்பார்கள். முதுகுக்கு என்று சொன்னால் நம்புவதில்லை. அதை நான் விட்டுவிட்டேன்.

நண்பருக்கு என் பதில்: முதலில் காலை எட்டு மணிக்கு டெஸ்ட் எடுங்கள், எல்ஹெச்சும் சேர்த்து. அளவு சரியாக இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள், சரியாக உள்ளவர் மேலும் ஏற்றிக்கொள்வதால் வலி போகாது, ஆபத்துதான் கூடும். டிரமடாலைக் குறைக்க முடியுமா என்று அதற்கு முன் கேளுங்கள், அதைக் குறைத்தாலே சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறும். குறைவு உறுதியானால் சிகிச்சை எடுங்கள், மூன்று மாதம் பொறுமையாக இருங்கள்.

ஆனால் ஜெல் வேண்டாம். மேலே இவ்வளவு நல்லது எழுதிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், உங்கள் வீட்டில் பேரன் தவழ ஆரம்பித்திருக்கிறான். அன்டெகனோயேட் என்று ஒரு நீண்டநாள் ஊசி இருக்கிறது, 1000 மில்லிகிராம், விளக்கெண்ணெயில் கரைத்து இடுப்பில் மெதுவாகப் போடுவது. முதல் இரண்டு ஊசிக்கு நடுவே ஆறு வாரம், அப்புறம் பத்திலிருந்து பதினான்கு வாரத்துக்கு ஒன்று. எனந்தேட் மாதிரி ஏற்ற இறக்கம் இல்லை. போட்ட உடனே சிலருக்கு இருமலும் மூச்சுமுட்டலும் வரலாம் என்பதால் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்து அனுப்பினால் நல்லது.

நானும் அதற்குத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை போட்டால் மூன்று மாதம் திரும்ப எடுக்க முடியாதே, ஹீமடோகிரிட் 50-க்குக் கீழே நிலையாக நிற்கட்டும் என்கிறார் டாக்டர். அவர் சொல்வது சரிதான், ஆனாலும் என் மனசு ஏற்கவில்லை. அடுத்த மாத ரிப்போர்ட் 50-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே ஊசி. இல்லாவிட்டால் ஜெல் தொடரும்.